பாவச் சீட்டு எழுதினவள்

எங்கள் சபையில் ஞானஸ்நானம் எடுப்பவர்கள் தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் தங்கள் பாவங்களை ஒரு தாளில் எழுதி, நான்காக மடித்து, நெருப்பில் போட வேண்டும். வேறு சபைகளில் இந்த வழக்கம் உண்டா என்று எனக்குத் தெரியாது. எங்கள் சபையில் முக்கால்வாசிப் பேர் இரும்பு உருக்கும் பவுண்டரியில் வேலை செய்கிறவர்கள், அல்லது அங்கே வேலை செய்து ஓய்ந்தவர்கள். நெருப்புக்குள் போனது எதுவும் பழைய உருவத்தில் திரும்பி வராது என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள். அதனால் இந்த வழக்கம் எங்களுக்குப் பிடித்துப்போனது.

எழுதத் தெரியாதவர்களுக்கும் பார்வை மங்கியவர்களுக்கும் பாஸ்டரம்மா எழுதிக் கொடுப்பார். அதற்கு ஒரு சட்டம் உண்டு. எழுதுகிறவள் வாயைத் திறக்கக்கூடாது. கேள்வி கேட்கக்கூடாது, உச்சுக்கொட்டக்கூடாது, "ஐயோ" என்று சொல்லிவிடக்கூடாது. ஒரு வரி எழுதி முடித்ததும் பேனாவால் மேசையில் ஒரு தட்டு தட்ட வேண்டும். அடுத்ததைச் சொல்லலாம் என்று அர்த்தம். எழுதினதை அந்த அறையிலேயே மறந்துவிட வேண்டும்.

அந்த வியாழக்கிழமை பாஸ்டரம்மாவுக்குக் கண்வலி. இரண்டு கண்ணும் சிவந்து வீங்கி, பூளை தள்ளிக்கொண்டிருந்தது. "நீ போய் உக்காரும்மா. ஒரே ஒரு ஆள்தான். உன் கையெழுத்து நல்லாருக்கும்" என்று என்னை அனுப்பினார். பவுண்டரியில் நான் மணல் அச்சு செய்கிற பிரிவில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். அச்சுகளின் மேல் சாக்பீஸால் நம்பர் போடுவது என் வேலை. நான் போட்ட ஏழு ஒருநாளும் ஒன்றாகத் தெரிந்தது இல்லை. சரி என்று போய் உட்கார்ந்தேன்.

கதவைத் தடவிக்கொண்டு வந்தவர் இன்சார்ஜ். உலை ஷெட்டில் ஷிப்ட் இன்சார்ஜாக முப்பது வருடம் நின்றவர். உலை வெளிச்சம் அவர் கண்ணில் பாலை ஊற்றியிருந்தது. ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகி, அதுவும் சரிவரவில்லை. ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது.

"ஸ்தோத்திரம் பாஸ்டரம்மா" என்றார்.

நான் பாஸ்டரம்மா இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கு வாயைத் திறந்தேன். திறக்கக்கூடாதே என்று மூடிக்கொண்டேன். அவ்வளவுதான் நடந்தது. யாரையும் ஏமாற்றிப் பழக்கம் இல்லாதவள் நான். பேனாவால் மேசையில் தட்டினேன். அவர் நாற்காலியைத் துழாவி உட்கார்ந்தார்.

"சிகரெட் குடிச்சேன்" என்றார். எழுதினேன். தட்டினேன்.

"பொண்டாட்டிய ஒரு தடவ... இல்ல, பல தடவ கைநீட்டி அடிச்சிருக்கேன்."

எழுதினேன். தட்டினேன்.

"கேன்டீன் டம்ளர் ஆறு, ஒண்ணொண்ணா வீட்டுக்குக் கொண்டுபோயிட்டேன். இன்னும் அதுலதான் டீ குடிக்கிறோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு தட்டினேன்.

அதற்கப்புறம் அவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"இனிமே சொல்றதுதாம்மா விஷயம். ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி. மழை கொட்டிட்டு இருந்துச்சு. ஸ்கிராப் யார்டுக்குக் கூரை கிடையாது, எல்லாம் நனைஞ்சு கெடந்துச்சு. காய வைக்கிற மேடை ரிப்பேர். ஷிப்ட் முடியறதுக்குள்ள பதினெட்டு டன் காட்டணும். அப்படியே உலையில போடுடான்னு சொன்னேன். இரும்பு போடற பையன் மாட்டேன்னான். 'சார், குழாய்க்குள்ள தண்ணி நிக்குது, போட்டா வெடிக்கும்'னான். எனக்கு நீ வேல சொல்லித் தரியாடா, போடலன்னா இப்பவே கேட்டுக்கு வெளிய போன்னேன். போட்டான்."

என் பேனா நின்றுவிட்டது.

ஈர இரும்பு உலைக்குள் போனால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உருகின இரும்புக்கு அடியில் தண்ணீர் மாட்டிக்கொண்டால் அது ஒரு நொடியில் ஆவியாகும். ஆவிக்கு வெளியே வர வழி வேண்டும். மேலே இருக்கிற இரும்பையும் தூக்கிக்கொண்டுதான் வரும். அன்றைக்கு அப்படித்தான் வந்தது. உலைக்கு எதிரே, உருகின இரும்பைப் பிடிக்கும் வாளியோடு நின்றிருந்த வாளிக்காரர் அங்கேயே செத்துப்போனார். இரும்பு போட்டவனுக்கு இரண்டு கண்ணும் போயின. இடது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

அந்த இரும்பு போட்டவன் என் தம்பி.

"ஆபீஸ்ல கேட்டப்ப, அவனா அவசரப்பட்டுப் போட்டுட்டான்னு எழுதிக் குடுத்துட்டேன்" என்றார் இன்சார்ஜ். "ஆஸ்பத்திரிக்கும் போய்ப் பாத்தேன். அவனுக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. 'நான்தான் போட்டேனா சார்'ன்னு கேட்டான். 'ஆனது ஆச்சு, நீ வேணும்னேவா செஞ்ச'ன்னேன். இப்ப நம்ம சபையிலதான் தண்ணி சுமக்கிறான். நான் உள்ள வந்தா என் சத்தம் கேட்டு எந்திரிச்சு நிக்கிறாம்மா. அந்தப் பாரத்ததான் கர்த்தர்கிட்ட இறக்கி வைக்கணும்."

நிறுத்திவிட்டுத் தட்டுக்காகக் காத்திருந்தார்.

ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரே ஆபீசர் என்று அன்றைக்கு நான் இவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். இரண்டு கையையும் குவித்து, கண்ணீரோடு. பழம் வாங்கி வந்திருந்தார். அதை நறுக்கித் தம்பி வாயில் ஊட்டியவளும் நான்தான்.

அவர் சொன்னது முழுவதையும் எழுதினேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. மடித்து அவர் கையில் வைத்தேன். "ஸ்தோத்திரம்மா, லேசா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பாஸ்டர் ஞானஸ்நானத் தொட்டிக்குள் இறங்கி, பிரஷ்ஷால் பாசி தேய்த்துக்கொண்டிருந்தார். அவரும் பவுண்டரிக்காரர்தான். கிரேன் ஓட்டினவர். சட்டையைக் கழற்றிவிட்டால் இன்னும் கூலியாள் மாதிரிதான் இருப்பார். அதனாலேயே எனக்கு அவர்மேல் மதிப்பு.

"பாஸ்டர், நேத்து சீட்டு எழுதினது நான்."

பிரஷ் நின்றது. "நீயா? அவரு பாஸ்டரம்மான்னு நெனச்சு..."

"அப்படித்தான் நெனச்சாரு."

அவர் முகத்தைப் பார்த்தேன். அதிர்ச்சி இருந்தது. ஆனால் நான் எதிர்பார்த்த அதிர்ச்சி அது இல்லை. என்ன எழுதினாய் என்று அவர் கேட்கவே இல்லை.

"உங்களுக்குத் தெரியுமா?"

தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். "ரெண்டு மாசமாத் தெரியும். ஜெபிக்க வந்தப்ப சொன்னாரு."

"ரெண்டு மாசமா!"

"கத்தாதம்மா."

"ரெண்டு மாசமா என் தம்பி இந்தத் தொட்டிக்குக் குடம் குடமா ஊத்தறதப் பாத்துட்டேதான் இருந்தீங்களா?"

"நான் ஊத்தச் சொல்லலையே. வேண்டாம்னு நூறு தடவ சொல்லியிருக்கேன். இரட்சிப்பு இலவசம், கிரியை செஞ்சு அத வாங்க முடியாது, நீ தண்ணி சுமந்தாலும் சுமக்காட்டியும் கர்த்தர் உன்ன ஏத்துக்குவாருன்னு சொல்லிட்டேதான் இருக்கேன். அவன்தான் கேக்க மாட்டேங்கிறான்."

அது உண்மை. தம்பி கேட்கமாட்டான். சனிக்கிழமைதோறும் தெருமுனை அடிகுழாயிலிருந்து நாற்பது குடம் சுமப்பான். சபையைக் கூட்டுவான், கக்கூஸ் கழுவுவான். செத்துப்போன வாளிக்காரரின் வீட்டம்மா குடியிருக்கிற கட்டடத்தில் மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் ஏறாது. தினமும் இரண்டு குடத்தை அங்கே ஏற்றிக் கொடுப்பான். அந்த அம்மா கதவைத் திறக்காது. உள்ளே இருந்தபடியே கத்தித் தீர்க்கும், இல்லாவிட்டால் "வச்சிட்டுப் போ" என்று சொல்லும். புருஷனைக் கொன்றவன் முகத்தில் விழிக்க யாருக்குத்தான் மனசு வரும்? தம்பி வைத்துவிட்டு வருவான். "இன்னிக்கு என்னடா சொல்லுச்சு?" என்று கேட்டால், "வச்சிட்டுப் போன்னுச்சுக்கா" என்பான். அதையே ஏதோ நல்ல சேதி மாதிரி சொல்வான்.

"பாஸ்டர், செஞ்ச தப்புக்கு ஈடா தண்ணி சுமக்கலாமா கூடாதான்னு நீங்க பிரசங்கம் பண்ணிட்டு இருக்கீங்க. அவன் அந்தத் தப்ப செய்யவே இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா குடம் தானா கீழ எறங்கியிருக்குமே!"

"நான் எப்படிம்மா சொல்றது? என்ன நம்பி ஒருத்தர் நெஞ்சத் தொறந்து சொன்னத வெளிய சொன்னா, நாளைக்கு எவன் வருவான் என்கிட்ட?"

"சரி, நீங்க சொல்ல வேணாம். அவர சொல்லச் சொல்லுங்க. சொல்லிட்டு வந்து தொட்டியில எறங்கட்டும்."

பாஸ்டர் தலையை ஆட்டினார். "அப்படி நிபந்தனை போட்டா அது கிருபை இல்லம்மா, கூலி. இத செஞ்சா அத தரேன்னு சொல்றது முதலாளி. கர்த்தர் முதலாளி இல்ல. நான் யாருன்னு நெனச்ச? குடிச்சிட்டுக் கிரேன் ஏறினவன். ஒரு நாள் ஒருத்தன் தலைக்கு ஒரு சாண் மேல என் லோடு போச்சு. அவனுக்கு இன்னிவரைக்கும் அது தெரியாது. எல்லாத்தையும் சரிபண்ணிட்டு வாடான்னு கர்த்தர் சொல்லியிருந்தா நான் இன்னும் வாசல்லதான் நின்னிருப்பேன்."

அவர் சொன்னது பொய் இல்லை. அவர் அதை நம்பித்தான் உயிரோடு இருக்கிறார். எனக்கு அது புரிந்தது. புரிந்ததால் கோபம் கூடியதே தவிர குறையவில்லை.

"உங்களுக்கு ஒரு சாண் மிச்சம் இருந்துச்சு பாஸ்டர். என் தம்பிக்கு இல்ல. உங்களுக்குக் கெடச்ச கிருபையால யாரும் குருடாகல."

"கனி தானா வரும்மா. மரம் வச்ச மறுநாளே பழம் கேக்கலாமா? அவரு மனசு உண்மையிலேயே மாறியிருந்தா, நேரம் வரும்போது அவரே போய்ச் சொல்லுவாரு."

"யாரு நேரம்? என் தம்பியோட நேரந்தானே? அதத்தானே ஒம்பது வருஷமா எடுத்துச் செலவழிக்கிறாங்க?"

அவர் பிரஷ்ஷை எடுத்தார். நான் வெளியே வந்தேன். செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு பாதித் தெரு வரைக்கும் போய்விட்டேன்.

சனிக்கிழமை தம்பி நாற்பது குடம் சுமந்தான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரை வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பான். ஏன் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. வாக்கு கொடுத்திருந்தேன், அந்த மேசைக்கு. ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த ஆளுக்கே உறைக்கும் என்று ஒரு மூலையில் நம்பிக்கையும் இருந்தது. மனிதன்தானே.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. இன்சார்ஜ் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் நின்றார். அவர் சம்சாரம், மகன், மருமகள் எல்லாரும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுதின தாளை நெருப்பில் போட்டார். ஓரம் சுருண்டு, கறுத்து, காணாமல் போனது. எல்லாரும் "அல்லேலூயா" என்றார்கள்.

தொட்டிப் படியில் தம்பி நின்றிருந்தான். கண் தெரியாவிட்டாலும் அந்தப் படி அவனுக்கு அத்துப்படி. இறங்குகிறவர்களுக்குக் கை கொடுப்பது அவன் வேலை.

"வாங்க சார்" என்றான் தம்பி, முகமெல்லாம் சிரிப்பாக. "படி வழுக்கும். மூணாவது படி கொஞ்சம் ஆழம். என் கைய கெட்டியாப் பிடிச்சுக்கோங்க."

அவன் நீட்டினது இடது கை. விரல்கள் ஒட்டிப்போன கை. இன்சார்ஜ் அதைப் பிடித்தார்.

பிடித்தார். எனக்கு அதுதான் ஆறவில்லை. அந்தக் கையைத் தொட்டதும் நின்றுவிடுவார், ஏதாவது சொல்வார், குறைந்தபட்சம் வேறு கையைக் கேட்பார் என்று நினைத்தேன். பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். முழுகினார். எழுந்தார். தண்ணீர் சொட்டச் சொட்டச் சாட்சி சொன்னார்: "என் பழைய பாவமெல்லாம் சாம்பலாப் போச்சு. இன்னிக்கு நான் புது மனுஷன்." கூட்டம் கைதட்டியது. எல்லாரையும்விடச் சத்தமாக "ஆமென்" சொன்னவன் என் தம்பி.

வாக்காவது, சட்டமாவது. சபைக்குப் பின்னால் துணி பிழிந்துகொண்டிருந்தவனிடம் போய் நின்றேன்.

"சார் கை ரொம்ப நடுங்குச்சுக்கா. பயந்துட்டாரு போல" என்றான்.

"நடுங்காம என்ன செய்யும்? உன்ன ஈர இரும்பு போடச் சொன்னது அந்த ஆள்தான்டா."

பிழிந்த துணியை உதறினான். மறுபடி பிழிந்தான். அதில் தண்ணீரே இல்லை.

"சும்மா இருக்கா."

"அவரே சொன்னாரு. என் கையால எழுதினேன். நீ மாட்டேன்னு சொன்னியாம். குழாய்க்குள்ள தண்ணி நிக்குதுன்னு சொன்னியாம். கேட்டுக்கு வெளிய போன்னு மிரட்டியிருக்காரு."

"நீ என் அக்கா. எனக்காக எது வேணும்னாலும் சொல்லுவ."

"எப்பவாவது உன்கிட்ட பொய் சொல்லியிருக்கேனா?"

"ஆஸ்பத்திரியில, கண்ணு வந்துரும்னு சொன்ன."

அவன் துணியைக் கொடியில் போட்டுவிட்டு அதன் ஓரங்களைத் தடவித் தடவிச் சரிசெய்தான்.

"அந்த ஆளே சொல்லட்டும்" என்றான் கடைசியில். "கூட்டிட்டுப் போ."

இன்சார்ஜ் வீட்டில் மதியச் சாப்பாடு முடிகிற நேரம். பாஸ்டரும் இருந்தார். நான் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனதும், பேச்சு பட்டென்று நின்றது. இன்சார்ஜ் சம்சாரம் மட்டும் எழுந்து, "வாங்க வாங்க, தம்பியும் வந்துட்டாரா, உக்காருங்க, சாப்பிடுங்க" என்று இலை தேடப் போனது. அதற்கு ஒன்றும் தெரியாது. மேசையில் பவுண்டரி முத்திரை குத்தின ஆறு டம்ளர்கள் வரிசையாக இருந்தன.

"சாப்பாடு வேணாம்மா" என்றான் தம்பி. "சார் எங்க இருக்காரு?"

"இங்கதான்ப்பா" என்றார் இன்சார்ஜ்.

தம்பி குரல் வந்த பக்கம் திரும்பினான். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். அன்னிக்கு நானா போட்டேனா, நீங்க போடச் சொன்னீங்களா?"

இன்சார்ஜ் முகம் பாஸ்டரைத் தேடித் திரும்பியது. அவர் இருக்கிற திசை தெரியாமல் ஜன்னலைப் பார்த்தது.

"இது என்ன பேச்சு, சந்தோஷமான நாள்ல?" என்றான் மகன்.

"நீங்க சும்மா இருங்க தம்பி, உங்கப்பாவுக்கு வாய் இருக்கு" என்றேன்.

"யாரு அது?" என்றார் இன்சார்ஜ்.

"சீட்டு எழுதினவ. பாஸ்டரம்மாவுக்குக் கண்வலி. அன்னிக்கு உக்காந்திருந்தது நான்தான். இவனோட அக்கா."

அவர் கையில் இருந்த டம்ளர் மேசையில் உருண்டது. பாஸ்டர் எழுந்தார். "அம்மா, அது நெருப்புல போட்ட விஷயம். கர்த்தர் மறந்துட்டத நாம கிளறக்கூடாது."

"கர்த்தர் மேல இரும்பு பட்டுச்சா பாஸ்டர்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது என்று இன்றைக்குவரை எனக்குத் தோன்றவில்லை. "பட்டது இவன் மேல. மறக்கறதா வேணாமான்னு இவன கேளுங்க."

"பாஸ்டர்," என்றான் தம்பி, "நீங்க சொல்ற கிருபை எனக்கும் சேத்துத்தானே? அது ஏன் சாருக்கு ஒரே முழுக்குல வந்துச்சு, எனக்கு ஒம்பது வருஷமா எட்டல? நான் ஒருத்தனக் கொன்னுட்டேன்னு நெனச்சு ஜெபம் பண்றேன். கர்த்தருக்கு நான் கொல்லலன்னு தெரியும். அவரு எதுக்குப் பதில் சொல்லுவாரு?"

அவ்வளவு பிரசங்கம் செய்த பாஸ்டர், எழுந்த இடத்திலேயே மறுபடி உட்கார்ந்தார்.

"இன்னிக்குத்தாம்ப்பா நான் புது மனுஷன் ஆயிருக்கேன்" என்றார் இன்சார்ஜ். கெஞ்சுகிற குரல். "பழசெல்லாம்..."

"நல்லது சார். புது மனுஷன் பொய் சொல்ல மாட்டான்தானே? சொல்லுங்க."

சுவர்க் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. பணி ஓய்வுக்குப் பவுண்டரி கொடுத்த கடிகாரம்.

"நான்தான் போடச் சொன்னேன்" என்றார். "நீ மாட்டேன்ன."

இன்சார்ஜ் சம்சாரம் கையில் இலையோடு சமையலறை வாசலில் நின்றுவிட்டது. மகன் அப்பாவைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். நான் தம்பியைப் பார்த்தேன். அழுவான் என்று நினைத்தேன், இல்லை சந்தோஷப்படுவான் என்று. அவன் முகம் வேறு மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. ஒன்பது வருடமாக நான் பார்க்காத முகம். பவுண்டரியில், யூனியன் கூட்டத்தில், எவனாவது ஏய்க்கப் பார்த்தால் அவனுக்கு வருமே, அந்தக் கோபம்.

"மாட்டேன்னேனா?" என்றான். "வாயத் தொறந்து மாட்டேன்னேனா?"

"ஆமா."

"அத எடுத்து ஒளிச்சு வச்சுக்கிட்டு, ஆஸ்பத்திரியில எனக்கு ஆறுதல் சொன்னீங்களா? நீ வேணும்னேவா செஞ்சன்னு என்ன நீங்க மன்னிச்சீங்களா?"

"தப்புதான்ப்பா. கால்ல வேணும்னாலும்..."

"என் கால் எதுக்கு? எழுந்திரிங்க. வாளிக்காரர் வீட்டுக்குப் போகணும்."

"இப்பவா?"

"இன்னிக்குத்தானே புது மனுஷன். நாளைக்குன்னா பழசாயிடும்."

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து மூக்கில் வந்தது.

"தம்பி," என்றார் பாஸ்டர் தணிந்த குரலில், "மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு அப்புறம் கூட்டிட்டுப் போகக்கூடாதா?"

"சொல்லுவேன் பாஸ்டர். சொல்லாம எங்க போகப்போறேன்? மொதல்ல அந்தம்மாகிட்ட சொல்லட்டும்."

தெருவில் நாங்கள் போனதைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. முன்னால் கண் இல்லாதவன். அவன் தோளைப் பிடித்தபடி கண் மங்கினவர். பின்னால் நான். பத்தடி தள்ளிப் பாஸ்டர். வரவேண்டாம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை.

படிக்கட்டு குறுகல். தம்பி விறுவிறு என்று ஏறினான். இன்சார்ஜுக்கு முதல் மாடியிலேயே மூச்சு வாங்கியது. இரண்டாவது மாடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இன்னும் எத்தன படி?" என்றார். "பதினாறு" என்றான் தம்பி, நிற்காமல்.

மூன்றாவது மாடிக் கதவைத் தட்டினான்.

"வச்சிட்டுப் போ" என்றது குரல்.

"தண்ணி இல்லம்மா. ஆள் கூட்டிட்டு வந்திருக்கேன்."

பிறகு தாழ்ப்பாள் விலகியது. அந்த அம்மா வாசலில் வந்து நின்றது. கையில் பாதி தைத்த துணி, பல்லிடுக்கில் நூல். தம்பியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தது, பிறகு இன்சார்ஜை.

"அம்மா," என்று தொடங்கினார் இன்சார்ஜ், "கர்த்தர் என்ன மன்னிச்சு, புது ஜீவன் குடுத்து..."

"அத அப்புறம் சொல்லலாம் சார்" என்றான் தம்பி. "நீங்க செஞ்சத சொல்லுங்க."

சொன்னார். மழை, குழாய், பதினெட்டு டன், கேட்டுக்கு வெளிய போ. முகத்தைத் தாழ்த்திக்கொண்டு, பக்கத்தில் நிற்கிற எனக்கே கேட்காத குரலில் சொன்னார்.

அந்த அம்மா நூலைப் பல்லிலிருந்து எடுத்தது. "சத்தமா சொல்லு" என்றது.

"அம்மா?"

"ஒம்பது வருஷமா இவன்தான் கொன்னான், இவன்தான் கொன்னான்னு இந்த மாடி முழுக்கக் கேக்கற மாதிரி கத்தியிருக்கேன். இவன் குனிஞ்ச தலையோட எறங்கிப் போவான். நீ மட்டும் என் காதுல ரகசியம் சொல்லிட்டுப் போயிருவியா? சத்தமா சொல்லு."

இன்சார்ஜ் சத்தமாகச் சொன்னார். எதிர்க் கதவு திறந்தது. மேல் மாடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. "இன்னும்" என்றது அந்த அம்மா. இன்னும் சத்தமாகச் சொன்னார். குரல் உடைந்தது. உடைந்த குரலில் மறுபடி சொன்னார்.

அந்த அம்மா தம்பியைப் பார்த்தது. மன்னித்துக்கொள் என்று சொல்லவில்லை. அவன் ஒட்டிப்போன கையைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு இன்சார்ஜிடம் திரும்பியது.

"நாளைக்கும் வா. நாளைக்கு என் மகளும் மருமகனும் வருவாங்க. அவங்ககிட்டயும் சொல்லணும். அதுக்கு மறுநாள் எங்க வீட்டுக்காரரோட அண்ணன் வருவாரு."

இன்சார்ஜ் படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். கீழே பாதியில் பாஸ்டர் நின்றிருந்தார்.

"கண்ணு சரியாத் தெரியாதும்மா" என்றார் இன்சார்ஜ். "மூணு மாடி. தினமும் ஏறி எறங்கறது..."

அந்த அம்மா என் தம்பியின் பக்கம் கையைக் காட்டியது.

"இவன் ஏறல?"